நான்காவது மொடல்

வாவிக்கரை அலுவலகத்தில் இரண்டு பேர்தான் வேலை. கம்பனி மென்பொருளில் ஊழியர் பட்டியலை வருகைப் பதிவோடும் லீவோடும் மதியச் சாப்பாட்டு ஓடரோடும் சேர்க்க, மேனுகா மூன்று இணைப்பு மொடல்களைத் தனித்தனியே கட்டியிருந்தாள்; ஒன்று நின்றாலும் மற்றவை ஓடுமாம். அவள் இறந்து முப்பத்தோராம் நாள் காரியம் முடிந்த மறுநாள், தனியே இருந்த நிலோஜன் மூன்றிலும் அவள் பெயரை அழித்தான்.

மதியம் சாப்பாட்டுக்கடை றவூப் நானா சோற்றுப் பார்சல் இரண்டு கொண்டுவந்தார்.

“ஒண்டுதானே நானா?”

“ரெண்டெண்டுதான் தம்பி ஓடர் வந்த.”

கணினியில் நான்காவதாக ஒரு மொடல் ஓடிக்கொண்டிருந்தது; ஓடர் அதிலிருந்துதான் போயிருந்தது. உருவாக்கியவர் மேனுகா, திகதி இன்று. அழிக்க மனம் வரவில்லை. இரண்டு பார்சலையும் மேசையில் பிரித்து வைத்துவிட்டுக் கை கழுவப் போனான். திரும்பி வந்தபோது, அவளுடைய பார்சலில் இருந்த கத்தரிக்காய் முழுவதும், வழமைபோல, அவன் சோற்றின்மேல் கிடந்தது.