ஐந்து விரல் கோளாறு

"மறுபடியும் அதே கோளாறு!" ஹோல்கர் எரிச்சலுடன் மேசையைத் தட்டினான்.

நுன்சியாவின் வலது கையில் கறுப்புக் கையுறை. விரல்கள் லேசாக அசைய முயன்றால் போதும், கையுறைக்குள் இருக்கும் குட்டி மோட்டார்கள் மீதி வேலையைப் பார்த்துக்கொள்ளும். ஆனால் இப்போது அவளுடைய ஐந்து விரல் நுனிகளும் ஒன்றாகக் குவிந்து மேலே பார்த்து நிற்க, கை மேலும் கீழும் ஆடிக்கொண்டிருந்தது.

நரம்பு நோய் முதலில் அவளுடைய இரண்டு கை விரல்களையும் முடக்கியது, பிறகு குரலையும் கொண்டுபோனது. இத்தாலியின் நேப்பிள்ஸ் நகர மீன் சந்தையில் அவள் பேரம் பேசினால் அடுத்த தெருவுக்குக் கேட்கும், அப்பேர்ப்பட்ட குரல். இன்றைய சோதனையில் தேறினால் கையுறை அவளோடு வீட்டுக்குப் போகும், இல்லாவிட்டால் வேறு யாருக்கோ போய்விடும்.

ஹோல்கர் ஜெர்மனியிலிருந்து நேற்றுத்தான் வந்திருந்தான். கையுறையை உருவாக்கியவர்களில் ஒருவன். இத்தாலிய மொழியைப் புத்தகம் வைத்துப் படித்தவன்.

"இந்தக் கப்பை எடுங்கம்மா. குடிக்கிற மாதிரி பண்ணுங்க, பாக்கலாம்."

காலிக் கோப்பை. நுன்சியா அதைப் பார்த்தாள், அவனைப் பார்த்தாள். விரல்கள் குவிந்தன, கை ஆடியது.

"சரி, வேணாம். இந்தப் பந்தை அமுக்குங்க. எங்க, சமத்தா அமுக்குங்க பாப்போம்!"

விரல்கள் மறுபடியும் குவிந்தன. இந்த முறை அவன் மூக்குக்கு நேராக, இன்னும் வேகமாகக் கை ஆடியது.

ஹோல்கர் தலையில் அடித்துக்கொண்டு கணினிப் பக்கம் திரும்பினான். அந்த நேரத்தில் அவள் நெற்றியில் விழுந்திருந்த முடியை இரண்டே விரலால் எடுத்துக் காதுக்குப் பின்னால் ஒதுக்கிக்கொண்டாள். அவன் அதைக் கவனிக்கவில்லை.

"மன்னிச்சுக்குங்கம்மா, இது உங்களுக்கு ஒத்துவரல. கழட்டிடலாம்."

அவன் கை நீட்டியதும் நுன்சியா கையுறையை மார்போடு அணைத்துக்கொண்டாள். எடுத்துப் பார், பார்க்கலாம் என்பதுபோல் முறைத்தாள்.

"அடம் பிடிக்காதீங்கம்மா! கெட்டுப்போன சாமானை வச்சுக்கிட்டு என்ன பண்ணப் போறீங்க?"

கை பாய்ந்து எழுந்தது. அதே கோளாறு.

சரியாக அப்போதுதான் கதவைத் திறந்துகொண்டு அவள் கணவர் அனியெல்லோ உள்ளே வந்தார். கையைப் பார்த்ததும் வாசலிலேயே பதறிப்போனார்.

"நான் என்னடி பண்ணேன்? வண்டிய நிறுத்த இடம் கெடைக்கலடி!"

சொன்ன பிறகுதான் அவருக்கு உறைத்தது. நோய் வந்த நாளிலிருந்து அவரை யாருமே திட்டவில்லை. கண் கலங்கிவிட்டது.

ஹோல்கருக்கு ஒன்றும் விளங்கவில்லை. "ஐயா, இந்தக் கோளாறு உங்க வீட்லயும் இருந்ததா?"

"கல்யாணம் ஆன நாள்லேர்ந்து!" அனியெல்லோ கண்ணைத் துடைத்துக்கொண்டே சிரித்தார். "எங்க ஊர்க் கைப் பேச்சு தம்பி இது. 'டேய், ஒனக்கு என்னதான்டா வேணும்?'னு கேக்கறா!"