நிறுத்திய மாத்திரை

மாரடைப்பு வந்து பிழைத்தவர்கள் இதயத் துடிப்பைக் குறைக்கும் மாத்திரையைக் காலமெல்லாம் விழுங்கத்தான் வேண்டுமா என்பது டாக்டர்களுக்குள் ஓயாத வாக்குவாதம். அதைத் தீர்க்க நடந்த ஆய்வில் பாதிப் பேர் மாத்திரையைத் தொடர்ந்தார்கள், மீதிப் பேர் நிறுத்தினார்கள். யார் எந்தப் பக்கம் என்பதைக் கம்ப்யூட்டர் குலுக்கிப் போட்டது. பிலோமினாவின் கணவர் சேவியருக்கு நிறுத்தும் பக்கம் விழுந்தது.

முடிவு சொல்லும் நாளில் ஆஸ்பத்திரிக் கூடம் நிரம்பி வழிந்தது.

"நிறுத்தினவங்களும் தொடர்ந்தவங்களும் ஒண்ணு போலவே நல்லா இருக்காங்க. இனி உங்களை மாதிரி எல்லாருக்கும் நிறுத்திடலாம்னு எழுதப் போறோம்!" என்றார் டாக்டர் நிவேதிதா. கைதட்டல் அடங்கவே இல்லை. சேவியர் மனைவியின் தோளில் இடித்தார்.

"பாத்தியாட்டி? மாத்திரை இல்லாமலே சிங்கம் மாதிரி இருக்கேம்லா!"

அந்தச் சிங்கத்தின் கருப்பட்டிக் காப்பியில் தினமும் அதே மாத்திரையைப் பொடித்துக் கலந்தவள் பிலோமினாதான். இவரைப் பார்த்து ஊரே நிறுத்திவிட்டால்? விருட்டென்று எழுந்தாள்.

"டாக்டரம்மா, அவசரப்பட்டு எழுதிராதீங்க. இவிய நிறுத்தவே இல்ல. பயந்துபோயி நாந்தான் காப்பில கலந்து குடுத்தேன்."

"அடிப்பாவி!" என்றார் சேவியர். "அதான் அந்தக் கசப்பு கசந்துச்சா?"

டாக்டர் வாய் திறக்குமுன் பின்வரிசையில் இன்னொரு பெண் எழுந்தாள்.

"எங்க வீட்ல ரசத்துல, டாக்டர்."

கதவோரம் ஒரு நாற்காலி கிறீச்சிட்டது. அடுத்து நடுவரிசையில் இரண்டு.