நான்கு முறை அடித்த மணி

ரிம்மா செர்கேயெவ்னாவுக்கு எழுபத்து நான்கு வயது. வாசல் மணி ஒலித்தால் கைவேலையை நிறுத்திவிட்டு விரல்விட்டு எண்ணுவார்; நான்கு எண்ணி முடியாமல் எழமாட்டார்.

ஆறு குடும்பங்களுக்கு ஒரே வாசலும் ஒரே சமையலறையுமாக இருந்த அந்த லெனின்கிராட் குடியிருப்பில் அனைவருக்கும் அப்பழக்கம் உண்டு. ஒரு முறை அடித்தால் தாராஸுக்கு; இரண்டு முறை என்றால் கிளேப் வீட்டாருக்கு; மூன்று அன்ஃபீசாவுக்கு; நான்கு ரிம்மாவுக்கு. பிறருக்கான மணிக்கு எவரும் கதவைத் திறப்பதில்லை.

அன்று வீடு காலியாகும் நாள். பணக்காரர் ஒருவர் தளம் முழுவதையும் வாங்கிவிட்டு, பழைய குடிகளுக்கு நகரின் ஓரங்களில் தனித்தனி வீடுகள் தந்திருந்தார். கடைசித் தேநீருக்காக அனைவரும் சமையலறையில் கூடியிருந்தனர், அன்ஃபீசாவைத் தவிர. அவரை எவரும் அழைக்கவில்லை. நாற்பத்து நான்கு ஆண்டுகளாகவே அழைப்பதில்லை.

“அவங்கவங்க கரண்டுக் கணக்குக்குன்னு கழிவறையில ஆறு பல்பு, வெளியில ஆறு சுவிட்சு,” என்றார் தாராஸ். “அவசரத்துல அடுத்தவன் சுவிட்சைப் போட்டுட்டா, உள்ள போனவன் வெளிய வர்றதுக்குள்ள ஊர்ச் சண்டை.”

சிரிப்பு அடங்கியதும் கிளேப் தன் தந்தையைப் பற்றிப் பேசினார். ரகசியப் போலீசார் அவரைக் கைது செய்தபோது கிளேபுக்கு ஏழு வயது. போனவர் திரும்பி வரவில்லை.

“காலையில கஞ்சி குடிச்சிட்டிருந்தேன். வாசல் மணி நாலு தடவை அடிச்சுது. நமக்கில்லடான்னு சொல்லிட்டு அப்பா ரொட்டி நறுக்கினார். ரொட்டி நறுக்கி முடியல, ரெண்டு பேரு எங்க அறைக்குள்ள நிக்கிறாங்க.”

“வேணும்னே தப்பா அடிச்சிருக்கானுங்க, உஷாராயிடக் கூடாதுன்னு,” என்றார் தாராஸ். பிறகு அன்ஃபீசாவின் அறைப்பக்கம் மோவாயை நீட்டினார். “உங்கப்பாவோட பால்கனி அறை யாருக்குப் போச்சு? அதுலயே தெரியலையா, அவர் மேல புகார் எழுதிப் போட்டது யாருன்னு?”

பறிக்கப்பட்ட அவ்வறையை மூன்றே மாதங்களில் அன்ஃபீசாவுக்கு ஒதுக்கியிருந்தார்கள். அன்றுமுதல் அவர் நடைகூடத்தில் வந்தால் பேச்சு நிற்கும். அவருடைய சூப்புப் பானையில் எத்தனையோ முறை சோப்பு கரைந்திருந்தது. கரைத்தவன் தானே என்று கிளேப் இப்போது ஒப்புக்கொண்டபோது, ஒருவரும் அதைத் தவறென்று சொல்லவில்லை.

கிளேப் ரிம்மாவின் கையைப் பற்றிக்கொண்டார். தந்தை போன பின்னர், சனிக்கிழமைதோறும் கிளேப் வீட்டாரின் கதவருகே ஒரு ரொட்டியை வைத்துச் சென்றவர் ரிம்மா. பிள்ளைகளற்ற அவருக்குத் தம் புதிய வீட்டிலேயே ஓர் அறையைக் கிளேப் ஒதுக்கியிருந்தார். அவருடைய பெட்டியும் கிளேபின் வண்டியில் ஏறிவிட்டது.

“கிளம்பலாமா, அத்தை? இனிமே நீங்க தனியா இருக்க வேண்டாம்.”

ரிம்மா எழவில்லை. மேசைமீதிருந்த தம் விரல்களை ஒவ்வொன்றாக மடக்கினார். நான்காவது விரலில் நிறுத்தினார்.

“அவங்க தப்பா அடிக்கல, கிளேப்.”

தாராஸின் கரண்டி குவளைக்குள் நின்றது.

“என்னைத்தான் கூப்பிட்டாங்க. கதவைத் திறந்துவிட்டதும் நான்தான். உங்கப்பா மேல எழுதிக் குடுத்தா பால்கனி அறை எனக்குன்னு சொன்னாங்க. கடைசியில அதை அன்ஃபீசாவுக்குக் குடுத்துட்டாங்க.”

கிளேபின் கை தானாக விலகிக்கொண்டது. ரிம்மா மேசையை ஊன்றி எழுந்து, அன்ஃபீசாவின் அறைப்பக்கம் திரும்பினார்.

“அவகிட்ட நானே போய்ச் சொல்லிடறேன். நீ என் பெட்டியை வண்டியிலேர்ந்து இறக்கிடு.”