ஆறு உருண்டை குறையுது

“காலையில இருபது எண்ணி வச்சுட்டுப் போனேன். இப்ப பதினாலுதான் இருக்கு,” என்றாள் மருமகள். தோளில் மாட்டிய கைப்பையை இன்னும் இறக்கவில்லை. அரிசி டப்பாவுக்குப் பின்னால் ஒளித்து வைத்திருந்த பிளாஸ்டிக் டப்பாவைத் தூக்கிக்கொண்டு வந்து, ஹாலில் உட்கார்ந்திருந்த மாமனாரின் முகத்துக்கு நேரே நீட்டினாள்.

மாமனார் செய்தித்தாளை உயர்த்தி முகத்தை மறைத்துக்கொண்டார். முப்பத்திரண்டு வருஷம் ரயிலில் டிக்கெட் பரிசோதகராக இருந்தவர். டிக்கெட் இல்லாதவனைக் கழிப்பறைக் கதவைத் தட்டி வெளியே இழுத்த மனிதருக்கு இன்று சட்டைக் காலரெல்லாம் தேங்காய்த் துருவல்.

“எனக்கென்ன தெரியும்? எலியா இருக்கும்.”

“எலி மூடியைத் திறந்து, தின்னுட்டு, திரும்ப மூடியும் வைக்குமா மாமா?”

செய்தித்தாள் இன்னும் கொஞ்சம் உயர்ந்தது. அவர் மணிக்கட்டில் நிற்காமல் கைக்கடிகாரம் முழங்கை வரை வழுக்கி இறங்கியது. அதை மேலே தள்ளிவிட்டுக்கொண்டார்.

சமையலறையில் மதியத்துக்கென்று அவள் மூடி வைத்துவிட்டுப் போன சூப் ஆடை கட்டிக் கிடந்தது. அதை அப்படியே தொட்டியில் கவிழ்த்தாள். காலை எட்டரையிலிருந்து மருந்துக் கடை கவுண்டரில் நின்ற கால்கள் விண்விண்ணென்று தெறித்தன. ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, பேரீச்சம்பழத்தில் கொட்டை எடுக்க ஆரம்பித்தாள்.

அடுப்பே பற்ற வைக்க வேண்டாத பலகாரம். பாதாம், முந்திரி, வால்நட்டை மிக்ஸியில் பொடித்து, பேரீச்சம்பழமும் தேனும் சேர்த்து இன்னொரு சுற்று விட்டு, உருட்டித் துருவலில் புரட்டினால் முடிந்தது. பத்து நிமிஷ வேலைதான் என்று சொல்கிறவர்கள் யாரும் பத்து மணி நேரம் நின்றுவிட்டு வந்து மிக்ஸி கழுவியதில்லை.

கணவன் செருப்பைக் கழற்றியதும் நேரே சமையலறைக்குத்தான் வந்தான்.

“மறுபடியும் அப்பாகிட்ட சண்டையா? மாடிப்படி வரைக்கும் கேக்குது.”

“ஆறு திருடிட்டாரு.”

“என்ன பேச்சு இது? ஆஸ்பத்திரியிலேர்ந்து வந்து மூணு வாரத்துல நாலு கிலோ இறங்கிட்டாரு. இன்னும் ஒரு கிலோ போனா, மூக்குல குழாய் போட்டுப் படுக்க வைக்கணும்னு டாக்டர் சொல்லிட்டாரு. அந்த மனுஷன் ஆசைப்பட்டு ரெண்டு எடுத்தா, அதைப் போய் எண்ணிட்டிருக்கியே. உனக்கு மனசுன்னு ஒண்ணு இருக்கா இல்லையா?”

“இது எங்க கடை ஆளுங்களுக்குச் செய்யுறது.”

“கடையில யாருக்கும் பல்லே இல்லையா? இப்படி மாவா அரைக்கிற?”

அவள் ஜாரிலிருந்து மாவை வழித்தெடுத்தாள். மனசு இருக்கா என்று கேட்டது சுருக்கென்று தைத்திருந்தது. அழலாம்தான், அதற்கும் கொஞ்சம் தெம்பு வேண்டுமே.

உருண்டைகளைச் சின்னச் சின்னதாக உருட்டி டப்பாவில் அடுக்கினாள். மூடியை அழுத்தாமல் சும்மா மேலே வைத்து, அரிசி டப்பாவுக்குப் பின்னால் தள்ளினாள். பிறகு ஹால் பக்கம் திரும்பிக் குரலை உயர்த்தினாள்.

“மாமா, மொத்தம் முப்பது இருக்கு. நாளைக்கு ஒண்ணு குறைஞ்சாலும் நான் பொல்லாதவளாயிடுவேன்.”

“பேசாம ஒரு பூட்டு வாங்கிட்டு வந்துடறேன். சாவியை நீயே இடுப்புல சொருகிக்கோ,” என்றான் கணவன்.

அப்போது அவள் போன் அடித்தது. கையெல்லாம் தேன் பிசுபிசுப்பு. அவனே எடுத்து ஸ்பீக்கரில் போட்டு மேடையில் வைத்தான். ஆஸ்பத்திரி நர்ஸ்.

“இன்னைக்கு ஐயா என்ன சாப்பிட்டாரு?”

“வச்ச சூப் வச்சபடியே இருக்கு சிஸ்டர்.” அவள் குரலைத் தாழ்த்தினாள். “உருண்டை மட்டும் ஆறு.”

“ஆறா? நேத்து நாலுதானே சொன்னீங்க? போன வாரம் நீங்க கையில கொடுத்தப்ப தட்டிவிட்டவராச்சே.”

“கொடுத்தா ஒரு வாய் இறங்காது. நான் என்ன குழந்தையான்னு முகத்தைத் திருப்பிக்குவாரு. ஒளிச்சு வச்சா தேடிப் போய்த் தின்கிறாரு. அதான் தினமும் ஒளிச்சு வச்சு, தினமும் திட்டிட்டிருக்கேன்.”

“நிறுத்திடாதீங்க. நல்லாத் திட்டுங்க,” என்று சொல்லி நர்ஸ் போனை வைத்தாள்.

கணவன் போனை ஓரமாகத் தள்ளி வைத்தான். மிக்ஸி ஜாரை எடுத்துக் கழுவ ஆரம்பித்தான். அவள் ஸ்டூலில் உட்கார்ந்து, சுவரில் தலையைச் சாய்த்துக் கண்ணை மூடினாள்.

“ஏம்மா,” என்று ஹாலிலிருந்து மாமனார் கூப்பிட்டார்.

“என்ன மாமா?”

செய்தித்தாளை மடிக்கும் சத்தம் கேட்டது.

“மூடியை நீ அழுத்தி மூடுறதே இல்லைன்னு முதல் நாளே பார்த்துட்டேன். நாளைக்கு டேபிள் மேலயே ஒளிச்சு வச்சுடும்மா, குனிஞ்சா முதுகு வலிக்குது.”