பந்திக்கு ஆளில்லை

பேரன் பிறந்த சந்தோஷத்தில் நாகநாதன் அண்டா நிறையச் சாம்பார் சாதமும் பாயசமும் வண்டியில் ஏற்றிக்கொண்டு, மனைவி பொன்னுத்தாயியுடன் பள்ளத்தூர் மடத்துக்கு வந்தார். வீடுவாசல் இல்லாதவர்கள் தங்கும் மடம் அது. எப்போது போனாலும் சுவரோரமாக ஒரு கூட்டம் மூட்டையை அணைத்தபடி உட்கார்ந்திருக்கும்.

அன்று நடுப்பகலில் ஒருவர்கூட இல்லை.

"எல்லாரையும் எங்குட்டு விரட்டிவிட்டீக?" என்று மடத்துக் காரியக்காரர் மாயக்கண்ணனிடம் சீறினார் நாகநாதன்.

"நான் விரட்டலைங்க. செங்கல் காளவாசலுக்கும் நெல்லறுப்புக்கும் வேலைக்குப் போயிருக்காக."

"இத்தனை நாளாப் போகாதவுக இப்ப மட்டும் எப்படிப் போனாக?"

"மூட்டையை வச்சுட்டுப் போனா, திரும்பி வரையில காணாமப் போயிருது. அதுக்குக் காவலாத்தான் இங்கனயே கெடந்தாக. போன மாசம் ஒரு அம்மா வந்து, 'உங்களுக்கு என்னதான் வேணும்?'னு ஒவ்வொருத்தர்கிட்டயும் உக்காந்து கேட்டாக. அப்புறம் ஆளுக்கு ஒரு தகரப் பெட்டி, பூட்டோட வந்து எறங்குச்சு. மறுநாளே எல்லாரும் சாவியை இடுப்புல சொருகிட்டுக் கெளம்பிட்டாக!"

பாயசம் ஆறிக்கொண்டிருந்தது. நாகநாதனுக்குக் கோபம் ஆறவில்லை.

"என் பந்தியைக் கெடுத்த அந்தப் புண்ணியவதி யாருய்யா?"

மாயக்கண்ணன் வண்டிப் பக்கம் பார்த்துச் சிரித்தார்.

"கோவிச்சுக்காதீக," என்று பொன்னுத்தாயி வண்டிக்குள்ளிருந்து தலையை நீட்டினாள். "பொழுது சாயப் போவோம்னு காலையிலேயே சொன்னேன். நீங்கதான் கேக்கலை!"