அப்பாக்கள் நடக்கும் தரை

“சார், உட்காராதீங்க!”

பெஞ்சில் பாதி உட்கார்ந்துவிட்ட பஸ் டிரைவர் சூடு பட்டவர்போல எழுந்தார். பிரசவ அறைக் கதவிடுக்கில் நர்ஸம்மாவின் தலை மட்டும் வெளியே நீண்டிருந்தது.

“உள்ளே லைட்டு மங்குது. டாக்டரம்மா கத்தறாங்க. நடங்க, நடங்க!”

டிரைவர் நடந்தார். அவர் மிதித்த சதுரங்கள் ஒவ்வொன்றும் ஒரு நூல் அளவு அமுங்கி எழுந்தன. கதவிடுக்கில் தெரிந்த வெளிச்சம் பழையபடி தெளிந்தது.

விஷயம் இதுதான். மிதித்தால் மின்சாரம் கொடுக்கும் தரையைக் கண்டுபிடித்த கம்பெனிக்காரர் அதைக் கடைவீதியில் போடவில்லை, ரயில் நிலையத்திலும் போடவில்லை. பிரசவ ஆஸ்பத்திரித் தாழ்வாரத்தில் கொண்டுவந்து போட்டார். விவரமான ஆள். போய்ச் சேர ஓர் இடமும் இல்லாமல் ஆண்பிள்ளைகள் அவ்வளவு தூரம் நடப்பது உலகத்தில் வேறெங்கே?

மற்ற நாட்களில் அப்பாக்கள் கூட்டம் கூட்டமாக நடப்பார்கள். ஆஸ்பத்திரி ஜெகஜ்ஜோதியாக இருக்கும். அன்று பிடித்த மழையில் ஊரே வீட்டுக்குள் முடங்கிவிட்டது. கரண்ட் போய்விட்டது, ஜெனரேட்டர் தண்ணீரில் முங்கிக் கிடந்தது. மத்தியானம்தான், ஆனாலும் விளக்கு வைக்கிற நேரம் போல இருட்டு. தாழ்வாரத்தில் டிரைவரையும் அவருடைய மச்சினனையும் விட்டால் ஈ காக்கை இல்லை.

“செல்போன்ல டார்ச் இருக்கு சிஸ்டர், தரட்டுமா?” என்றான் மச்சினன்.

“அதைப் பிடிச்சுக்க டாக்டரம்மாவுக்கு மூணாவது கை இருக்கா? நடங்க சார்!”

டிரைவர் மூச்சு வாங்குவதைப் பார்த்து மச்சினன் இரக்கப்பட்டான். “நீங்க கொஞ்சம் நில்லுங்க மாமா, நான் நடக்கறேன்.” கல்யாணமாகாதவன். கையைப் பைக்குள் விட்டுக்கொண்டு, சீட்டியடித்தபடி இரண்டு சுற்று போனான்.

“யாருய்யா அது, பூ மேல நடக்கறது?” உள்ளேயிருந்து டாக்டரம்மா அலறினார். “ஒண்ணுமே தெரியல எனக்கு!”

“தள்ளுடா!” டிரைவர் அவனை ஒதுக்கிவிட்டுத் தடதடவென்று நடந்தார். அந்தத் தரைக்கும் ஆள் தெரிந்திருந்தது. நிம்மதியானவன் நடந்தால் மினுக் மினுக்கென்று எரியும். வயிறு கலங்கினவன் நடந்தால்தான் பளிச்சென்று எரியும்.

டிரைவர் வேலையில் நாளெல்லாம் உட்கார்ந்திருப்பவர். வீட்டுக்கு வந்தால் அந்தக் களைப்புத் தீர உட்கார்ந்திருப்பவர். ஒரு வாய் தண்ணீர் வேண்டுமென்றாலும் “இந்தா” என்று ஒரு குரல் கொடுப்பதோடு அவர் பொறுப்பு முடிந்துவிடும். இன்று அவருக்கு முட்டி கழன்றது, கெண்டைக்கால் கெஞ்சியது. நின்றால் பெண்டாட்டி இருட்டில் கிடப்பாள். அதனால் நடந்தார்.

“பஸ்ஸுலகூட நான் இவ்வளவு தூரம் போனதில்லடா.”

“அதுவும் டிக்கெட் எடுக்காம போறீங்க மாமா.”

“சும்மா இருடா, அவ நல்லபடியா வரட்டும். இனிமே ஒரு டம்ளர் தண்ணிகூட அவளைக் கேட்க மாட்டேன். நானே எழுந்து போய்க் குடிப்பேன்.”

அப்போது உள்ளேயிருந்து வீலென்று ஒரு குழந்தை அழுதது. டிரைவர் தூக்கிய காலைக் கீழே வைக்க மறந்து நின்றார். நர்ஸம்மாவின் தலை நீண்டது.

“எங்களுதா சிஸ்டர்?”

“இல்ல சார், பக்கத்துக் கட்டில். உங்களுக்கு இன்னும் நேரமாகும்.”

“ஏதாவது சிக்கலா?”

“சிக்கலெல்லாம் ஒண்ணுமில்ல. ஆனா நிக்காதீங்க.”

கதவு சாத்திக்கொண்டது. அந்த ‘ஆனா’ டிரைவரின் வயிற்றுக்குள் போய் உட்கார்ந்துகொண்டது.

“பக்கத்துக் கட்டில்காரங்க ஆளுங்க ஒருத்தரையும் காணோமே மாமா. இவங்க நல்ல சேதியை யார்கிட்ட போய்ச் சொல்லுவாங்க?”

“ஊர்க் கவலை உனக்கெதுக்கு? உங்கக்காவுக்கு மட்டும் ஏன்டா இழுக்குது?” டிரைவர் ஓட்டமும் நடையுமாகத் திரும்பினார். சுவருக்குச் சுவர், சுவருக்குச் சுவர். தாழ்வாரமே அதிர்ந்தது.

“இப்பதான் நல்லாத் தெரியுது!” என்றது டாக்டரம்மாவின் குரல்.

உள்ளே ஒரு பெண் பல்லைக் கடித்துக்கொண்டு முனகுவது கேட்டது. முனகல் ஏற ஏற டிரைவரின் வேகமும் ஏறியது. செருப்பு ஒருபக்கம் போயிற்று, துண்டு ஒருபக்கம் போயிற்று. கடைசியில் கால்கள் அவரைக் கேட்காமலே மடங்கின. சுவரோடு சரிந்து, தரையில் காலை நீட்டி உட்கார்ந்துவிட்டார்.

“முடியலடா. நீ நட. சீட்டியடிக்காம நட.”

உள்ளே விளக்கு மஞ்சளாகி, சிவப்பாகி, அணையப் பார்த்தது. பக்கத்துக் கட்டிலில், கம்பியைப் பிடித்துக்கொண்டு முக்கிக்கொண்டிருந்த பெண்ணின் மேல் குனிந்திருந்த டாக்டரம்மா, “வெளிச்சம்! வெளிச்சம்!” என்று கத்தினார். நர்ஸம்மா கதவைப் பார்த்து ஓடினார்.

கதவோரக் கட்டிலில் படுத்திருந்த டிரைவரின் மனைவி நர்ஸம்மாவின் கையை எட்டிப் பிடித்தாள்.

“உட்கார்ந்துட்டாரா? எனக்குத் தெரியாதா அவரை! அந்தக்கா தனியா வந்திருக்காங்க சிஸ்டர், அவங்களுக்காக நடக்க வெளியே யாரு இருக்கா?”

“இப்ப என்னம்மா சொல்றது அவர்கிட்ட?”

“இன்னும் பொறக்கலைன்னே சொல்லுங்க. மெதுவா சொல்லுங்க, பாப்பா முழிச்சிக்கும்.”