இரண்டாவது தட்டு

சற்குணம் சோல் என்ற மேற்கத்திய இசைவகையின் அரிய இசைத்தட்டுகளைச் சேர்ப்பவர். எப்போதோ மூடிவிட்ட ஒரு சின்னக் கம்பெனி வெளியிட்ட அந்தப் பாட்டு, தன்னிடம் மட்டுமே இருப்பதாக நம்பியிருந்தார். பாடியவரின் மகள் பிலோமினாவிடம் இன்னொரு தட்டு இருப்பது தெரிந்ததும் அவள் வீட்டுக்கே தேடிப்போய் வாங்கினார். வெளிச்சத்தில் சாய்த்து, கீறல் இருக்கிறதா என்று ஆசையோடு பார்த்தார். பிறகு முழங்காலில் வைத்து இரண்டாக உடைத்தார்.

“ஐயோ, என்ன சார் பண்றீங்க?” பிலோமினா பதறினாள்.

“இனிமே இந்தப் பாட்டு எங்கிட்ட மட்டுந்தாம்மா இருக்கு.”

“அதெப்படி சார்? அம்மா தினமும் பாடறாங்களே.”

அவருக்கு அது புரிவதற்குள் உள்ளறையில் ஒரு கிழக்குரல் அதே பாட்டை எடுத்தது. சுருதி இம்மியும் பிசகவில்லை. கண்களை மூடி, தலையாட்டி, முழுக்கக் கேட்டார். முடிந்ததும் எழுந்து போய் வாசல் கதவை உள்பக்கமாகத் தாழிட்டார்.